மிக்கேல் அண்ணாச்சியின் அம்பர் கட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். வீட்டில் நான் வாயைத் திறந்தால் என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. உட்காருங்கள்.

நம் தொழிலை வெளியே யாருக்கும் விளக்க முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செடியிலிருந்தும் பிராணியிலிருந்தும் வரும் மருந்துச் சரக்கு அசல்தானா, கலப்படமா என்று பார்க்கிற வேலை என்று சொல்லிப் பாருங்கள். "அப்ப நாட்டு மருந்துக் கடையா?" என்பார்கள். முப்பது வருஷமாக என்னைப் பார்க்கிற உறவுக்காரர்கள் இன்னமும் கல்யாண வீட்டில் என்னிடம் மூட்டுவலிக்கு எண்ணெய் கேட்கிறார்கள். நம் ஜில்லாவில் விளையும் நிலாவாரை இலை மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்குப் போகிறது. உலகத்தில் பாதிப் பேருக்கு வயிற்றைச் சுத்தம் செய்வது அந்த இலைதான். நாம் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது கப்பல் ஏறும். எங்கோ ஒரு ஜெர்மன்காரர் காலையில் நிம்மதியாக எழுந்து போகிறார் என்றால் அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. பெருமைப்படுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மைக்ராஸ்கோப்பை எப்படிப் பிடிப்பது, இலையை எப்படிச் சீவுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அறையில் இருக்கிற எல்லோரும் ஒரே பதிலை ஆசைப்படும்போது என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதற்குத்தான் மிக்கேல் அண்ணாச்சி கதை.

ஒருநாள் முற்பகலில் நம் லேப் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. வனத்துறை ரேஞ்சர் இறங்கினார். மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு காவலர்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, ஐம்பது தாண்டிய ஒருவர். கைதான ஆள் என்று நம்பவே முடியவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் நுழைவதைப் போல, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்லியபடி வந்தார்.

"மேடம், அம்பர்," என்று ரேஞ்சர் பெட்டியை மேஜையில் இறக்கினார். குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

"அசல் அம்பர்," என்று திருத்தினார் கைதானவர்.

அம்பர் உங்களுக்குத் தெரியும். பேப்பரில் திமிங்கல வாந்தி என்று போடுகிறார்களே, அதுதான். சித்த வைத்தியத்தில் மீனம்பர். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகி, கடலில் மிதந்து, கரையில் ஒதுங்கும். அத்தர்க்காரர்கள் உயிரை விடுவார்கள். ஆனால் அந்தத் திமிங்கலம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதன் வயிற்றிலிருந்து வந்தது கரையில் சும்மா கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளவோ விற்கவோ கூடாது. மாட்டினால் ஜெயில்.

மிக்கேல் அண்ணாச்சிக்கு இந்தச் சட்டம் தெரியாது. திரேஸ்புரம் கரையில் காலையில் நடந்தபோது கட்டியைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், மஞ்சள் துணியில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். கீழே "கர்த்தர் தந்தார், வாங்க விருப்பமுள்ளவர்கள் அணுகவும்" என்று ஒரு வரி. முதலில் அணுகியவர் ரேஞ்சர்.

"மூணு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும் மேடம்," என்றார் ரேஞ்சர். "முழு அறிக்கை வெளியூர் லேப்ல இருந்து வர நாளாகும். அதுவரைக்கும் உங்க முதல் கருத்துதான். அம்பர்னு எழுதினீங்கன்னா இவரு உள்ள. இல்லைன்னா இப்பவே விட்டுருவேன்."

நியாயமான மனிதர்தான். ஆனால் அவர் முகத்தில் ஆசை அப்பிக் கிடந்தது. அவர் சர்வீஸில் அதுவரை பிடித்ததெல்லாம் முயல் வேட்டைக்காரர்களும் கிளி விற்பவர்களும்தான். இன்றைக்கு ஒரு திமிங்கலம் கிடைத்திருக்கிறது. வாசலில் இரண்டு டிவி கேமரா வேறு வந்துவிட்டது.

கைகழுவப் போகும்போது வாசற்படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் தூக்குவாளி. என்னைப் பார்த்ததும் எழுந்து வழியை மறித்தார். மிக்கேல் அண்ணாச்சியின் மனைவி புஷ்பம்.

"எம்மா, அது திமிங்கலம் இல்லன்னு எழுதிருங்கம்மா. எங்க வீட்டுக்காரரு கடல்ல ஒரு நெத்திலிகூட பிடிச்சதில்ல. தோணிக்குக் கலப்பத்து அடிக்கிற மனுசன். பலக இடுக்க அடைக்கத் தெரியும், வேற ஒண்ணுந் தெரியாது. இவரப் போயி ஜெயில்ல போடப்போறாங்களாம்."

"இருக்கிறதைத்தாம்மா நான் எழுத முடியும்," என்றேன்.

"சரி, அப்ப இருக்கிறது இல்லாம இருக்கணும்னு மாதாகிட்ட கேக்கேன். நீங்க போயி உங்க வேலையப் பாருங்க," என்று மறுபடி உட்கார்ந்து மணியை உருட்டத் தொடங்கினார்.

சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் நின்றுவிட்டது. ஒரு மனிதரின் மூன்று மணி என் கையில் இருந்தது.

அப்போது என்னோடு செல்வின் என்ற இளைஞன் வேலை பார்த்தான். ஆத்தூர்க்காரன், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வீடு. எதிலும் முந்திக்கொள்வான். நான் கோட்டு மாட்டுவதற்குள் ஊசியைக் காய்ச்சி வைத்திருந்தான். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் கட்டியில் குத்தினால் அசல் அம்பர் கறுப்பாக உருகி, நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வரும். புகையில் நல்ல மணம் வரும். குத்தினான். உருகியது. ஒட்டியது. புகை வந்தது. மணமும் வந்தது.

ரேஞ்சர் கண்ணை மூடிக்கொண்டார். மிக்கேல் அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்தியளா! கோயில் வாசம்லா அடிக்கி! திமிங்கலம்னா சும்மாவா?"

"அண்ணாச்சி, இது அசலா இருந்தா நீங்க ஜெயிலுக்குப் போகணும். புரியுதா?" என்றேன்.

"போறேன் மேடம். அசலுக்குப் போனா கௌரவம்லா. போலின்னு சொல்லி வெளிய வந்தா நான் எப்படித் தெருவுல நடப்பேன்? நேத்துல இருந்து என்னையத் திமிங்கலம் மிக்கேல்னுதான் கூப்பிடுதானுவ."

உங்கள் வேலையில் பல பேர் உங்கள் மேல் பாய்வார்கள். தன்னை ஜெயிலில் போடச் சொல்லி ஒருவர் பாய்வதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து செல்வின் கட்டியின் ஓரத்தைச் சுரண்டினான். சட்டென்று துள்ளினான். "மேடம்! அலகு!"

சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று, கிளி மூக்கைப் போல வளைந்த ஒன்று. கணவாய் மீனின் அலகு. திமிங்கலம் கணவாயைத் தின்னும், அலகு மட்டும் செரிக்காது, அம்பருக்குள் சிக்கிக்கொள்ளும் என்பது நாம் எல்லோரும் படித்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினான். இன்னொன்று. செல்வின் முகம் பரீட்சையில் முதலாவதாக வந்தவன் முகம். நான் திரும்புவதற்குள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அறிக்கையை அடிக்கத் தொடங்கிவிட்டான். ரேஞ்சர் போனில் யாருக்கோ "கன்ஃபார்ம் சார், மூக்கு கிடைச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி காவலர்களோடு கைகுலுக்கினார்.

பிள்ளைகளே, இங்கேதான் நிற்க வேண்டும். மூன்று சோதனையும் ஒரே பக்கம் கை காட்டுகிறது. மேலதிகாரி போனில் காத்திருக்கிறார். வாசலில் கேமரா. கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் சந்தோஷம், படியில் இருக்கிற ஒரு அம்மாவைத் தவிர. எனக்கு மட்டும் மூக்குக்குள் ஏதோ உறுத்தியது. அந்த மணம் எனக்கு ரொம்பப் பழகிய மணம். அம்பரை வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் முகர்ந்திராத எனக்கு அது எப்படிப் பழகும்?

அலகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். துவரம்பருப்பு அளவுதான் இருந்தது.

"செல்வின், இவ்வளவு சின்னக் கணவாயைத் தின்னு ஒரு திமிங்கலத்துக்கு எப்படிப்பா பசி அடங்கும்?"

அவன் யோசிக்கவே இல்லை. "குட்டித் திமிங்கலமா இருக்கும் மேடம்."

அவனைக் குறை சொல்லவில்லை. ஒரு பொருள் இன்னதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்துவிட்டால், அதற்கு வேண்டிய சாட்சியை மனம் தானே தயார் செய்துகொள்ளும். படித்தவர் மனம் இன்னும் வேகமாகச் செய்யும். அந்த நேரத்தில் ஒன்று செய்யுங்கள். இருக்க வேண்டியது இருக்கிறதா என்று தேடுவதை நிறுத்திவிட்டு, இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

"நடுவுல வெட்டணும்," என்றேன்.

ரேஞ்சர் பெட்டியின் மேல் கையை வைத்தார். "மேடம், இதோட மதிப்பு என்னன்னு தெரியுமா?"

"அதைத்தானே சார் கேட்டு வந்திருக்கீங்க?"

யாரிடமோ போனில் பேசினார். அனுமதி வந்தது. ரம்பத்தை வைத்ததும் மிக்கேல் அண்ணாச்சி தன் காலை வெட்டுவதைப் போல அலறினார். காவலர்களில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கட்டி இரண்டாகப் பிளந்தது. வெளியே சாம்பல் நிறம், உள்ளே கரும்பழுப்பு. அங்கங்கே பஞ்சு இழை. அம்பருக்குள் பஞ்சு வர வழியே இல்லையே என்று செல்வின் பரபரத்தான். ஆனால் ரேஞ்சர் கட்டியை மருத்துவப் பஞ்சில் சுற்றித்தான் கொண்டு வந்திருந்தார். ரம்பத்தோடு உள்ளே போயிருக்கலாம். அதை நம்ப முடியாது என்று ஒதுக்கினேன். நமக்குச் சாதகமான சாட்சியையும் இப்படித்தான் தள்ளிவைக்க வேண்டும்.

நட்டநடுவில் இலைத் துணுக்கு ஒன்று மடிந்து கிடந்தது. கறுத்துப்போன, விரல் நகத்தளவு துணுக்கு. இலை என்றால் எனக்கு உயிர். சம்பளம் வாங்கியதே அதற்குத்தான். கழுவி, சுத்தம் செய்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எண்ணெய்ச் சுரப்பிகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. எத்தனையோ இலைகளைத் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தவள் நான். இதற்கு அந்தக் கஷ்டமே இல்லை. தினமும் காலையில் கையால் உருவுகிற இலை.

"செல்வின், வந்து பாரு."

பார்த்தான். நிமிர்ந்தான். திரும்பவும் குனிந்து பார்த்தான். "மேடம்... கறிவேப்பில."

அதற்கு இரண்டு விரல் தள்ளி, உருண்டையாக, சின்னதாக ஒன்று. இதற்கு மைக்ராஸ்கோப்பும் தேவைப்படவில்லை. கடுகு. பொரிந்த கடுகு.

ரேஞ்சர் மட்டும் விடவில்லை. "கப்பல்ல மிச்சச் சாப்பாட்டக் கடல்ல கொட்டுவாங்களே மேடம். அதத் திமிங்கலம் தின்னிருக்கலாம்ல?"

நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிறவர்கள்மேல் எரிச்சல்படாதீர்கள், அவர்கள்தான் நம்மைக் காப்பாற்றுகிறவர்கள். "தின்னிருந்தா இலை செரிச்சிருக்கும் சார். இது கரையாம மடிஞ்சபடியே இருக்கு. கொதிக்கிற ஏதோ ஒண்ணுல விழுந்து அப்படியே உறைஞ்சிருக்கு. திமிங்கலம் எதை வேணும்னாலும் தின்னும். தாளிச்சுத் தின்னாது."

சொல்லும்போதே அந்த மணமும் பிடிபட்டுவிட்டது. அலமாரியைத் திறந்து நம் மாதிரிச் சரக்கு வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். குங்கிலியம். மரத்திலிருந்து வடியும் பிசின், கோயிலில் புகை போடுவது. ஊசியைக் காய்ச்சி அதிலும் குத்தினேன். ரேஞ்சரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒன்று மாற்றி ஒன்றாக மூக்கருகே காட்டினேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்திலிருந்து திமிங்கலம் போயிருந்தது. பாவமாக இருந்தது.

குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சினால் மற்ற சோதனைகளுக்கும் கணக்குச் சரியாக வரும். அந்தக் கலவையை இந்த ஊரில் அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிறவர்கள் யார்? மரத் தோணியின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, தண்ணீர் புகாமல் அதன்மேல் குங்கிலியம் பூசுகிறவர்கள். நான் மெதுவாக மிக்கேல் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். அவர் மேற்கூரையில் ஓடும் ஃபேனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது கலப்பத்துக் குங்கிலியம். வாழ்நாள் பூரா நீங்க கையில பிசைஞ்ச சரக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

"எங்க குங்கிலியம் கறுப்பால்லா இருக்கும் மேடம். இது வெளுத்துப்போயி, சொர சொரன்னு... கடல்ல ஊறிட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு ஒரு மாதிரி விழித்தார். அவருக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது என்று பட்டது. நான் கேட்கவில்லை. அது என் வேலையில்லை.

அறிக்கை அடித்தோம். செல்வின் முன்பு அடித்ததைத் தானே அழித்தான். கட்டி அம்பர் அல்ல, குங்கிலியப் பிசினும் எண்ணெயும் சேர்ந்த கலவை, உள்ளே சிறு கணவாய் அலகுகள், கறிவேப்பிலை, பொரிந்த கடுகு ஆகியவை காணப்படுகின்றன, சமைத்த உணவு கலந்ததற்கான அடையாளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதிலிருந்து இன்னொரு பாடம். அறிக்கையை உறவுக்காரர் முன்னால் சத்தமாக வாசிக்க விடாதீர்கள். ரேஞ்சர் நல்ல மனதோடு வாசலுக்குப் போய், அந்த அம்மாவின் பயத்தைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்துக் காட்டிவிட்டார்.

"அம்பர் அல்ல" என்றதும் புஷ்பம் கையெடுத்துக் கும்பிட்டு அழுதுவிட்டார். உண்மையில் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று தோன்றியது. என் கண்ணும் கலங்கியது. அடுத்த வரியில் அவர் அழுகை நின்றது. கறிவேப்பிலை என்றதும் தலை நிமிர்ந்தது. கடுகு என்றதும் ஜெபமாலை மடிக்குள் போனது.

"குங்கிலியத்துக்குள்ள கணவாத் தொக்கு எப்படிய்யா வந்துச்சு?"

ரேஞ்சர் காகிதத்தைப் பார்த்தார். அதில் விடை இல்லை. புஷ்பம் அவரைத் தாண்டி உள்ளே வந்தார்.

"என்னங்க, இங்க பாருங்க. என்னையப் பாருங்க. அன்னைக்குத் தோணி வேலைக்குக் கணவாத் தொக்கு குடுத்துவிட்டேன்லா? வாளியக் கழுவிக் கொண்டாந்து, நல்லாருந்துச்சு புஷ்பம், விரலச் சூப்பித் தின்னேன்னு சொன்னியளே?"

"ஏளா, இங்கன வச்சு எதுக்கு இதெல்லாம்..."

"தின்னியளா, இல்லையா?"

இப்போதுதான் மிக்கேல் அண்ணாச்சி கைதியைப் போல நின்றார். "ஒந்தம்பி பக்கத்துலயே உக்காந்திருந்தான். கீழ கொட்டுனா காக்கா கூடிக் காட்டிக் குடுத்துரும். அதான் குங்கிலியச் சட்டியில... கிண்டுத மாதிரிப் போட்டுட்டேன். அப்புறம் சட்டிச் சரக்குப் பூரா கெட்டுப்போச்சு. கட்டியாத் தட்டிக் கடல்ல வீசிட்டேன்."

கடல் அதை வைத்திருந்து, வெளுக்க வைத்து, வீசினவரின் காலடியிலேயே திருப்பிப் போட்டிருக்கிறது. செல்வின் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. காவலர்கள் இருவரும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குப் போட்டிய? அதச் சொல்லுங்க. எதுக்கு?"

ஜெயிலுக்குத் தயாராக இருந்த மனிதர் இதற்குத் தயாராக இல்லை. விடுவித்த பிறகும் ரேஞ்சரின் பின்னால் ஒதுங்கி நின்றார்.

புஷ்பம் தூக்குவாளியை எங்கள் மேஜைமேல் டங்கென்று வைத்துத் திறந்தார். ஜெயிலுக்குப் போகிறவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று அன்றைக்கும் கணவாய்த் தொக்கே சமைத்துக் கொண்டு வந்திருந்தார். வாசனை என்னவோ பிரமாதம். ஒரு கரண்டி எடுத்து மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இருக்கிறதத்தான் சொல்லுவேன்னு சொன்னியள்லா. இதையும் பாத்துச் சொல்லுங்க."

லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான்தான் அந்த விதியை எழுதி ஒட்டியவள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணாச்சி, நல்லாருக்கு என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ரேஞ்சரும் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். காலையிலிருந்து அந்த அறை இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

வாயில் போட்டேன். காரம், புளிப்பு, எண்ணெய் எல்லாம் அளவு. இரண்டாவது கடியில் பல்லுக்கு நடுவில் நறுக்கென்றது. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். துவரம்பருப்பு அளவு, கறுப்பு, பளபளவென்று.

"ருசி நல்லாருக்கும்மா," என்றேன். "ஆனா கணவாய்க்கு மூக்க எடுத்துட்டுச் சமைக்கணும்."

புஷ்பம் என் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"இதானா?"

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த மூக்கக் கடிச்சுக் கடவாப் பல்லு ஒண்ணு போச்சுளா."

"இந்த ஒத்த வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா, இன்னைக்குப் போலீசு வேண்டாம், ஜீப்பு வேண்டாம், இந்த அம்மாவுக்கு இம்புட்டு வேல வேண்டாம். பாவம், அந்தத் திமிங்கலத்துக்கும் கெட்ட பேரு இல்ல." வாளியை மூடினார். "வாங்க வீட்டுக்கு. மூக்கெடுத்துத் தாரேன்."

முன்னால் அவரும் பின்னால் அண்ணாச்சியுமாகக் கேமராக்களைத் தாண்டிப் போனார்கள். பாதி வழியில் அண்ணாச்சி ஓடி வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"மேடம், அந்தக் கட்டிய உங்களுக்கு வேண்டாம்னா நான் எடுத்துக்கிடட்டுமா?" என்று காதோடு கேட்டார். "ஒண்ணுமில்ல, தோணிக்கு ஆகும்."